மருந்துப் பழம்

கிடங்கில் அவளுக்கு நாக்கு அக்கா என்று பெயர். வாய் நீளம் போலிருக்கிறது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பேச்சில் அவள் மகா கஞ்சம். லாரியிலிருந்து இறங்கும் முலாம்பழத்தில் ஒரு கீற்றை வாயில் போட்டு, கண்ணை மூடித் திறந்து, எடுக்கலாம் அல்லது வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற நாக்கு அது. பதினெட்டு வருடமாக அந்த வார்த்தைக்கு மேல் அங்கே அப்பீல் கிடையாது.

அவள் வேலை பார்க்கிற விதமே தனி. ஒரு லாரிக்கு மூன்று பழம். மேல் அடுக்கில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. அடிப்பழத்தை வேறு யாரும் எடுத்து நீட்டக் கூடாது, தோள் வரைக்கும் கையை விட்டு அவளே துழாவி எடுப்பாள். காம்பு இருந்த குழியைக் கட்டைவிரலால் அழுத்துவாள், மூக்கருகே கொண்டுபோவாள், மரப்பிடி போட்ட சின்னக் கத்தியால் கீற்றுப் போடுவாள். மென்று விழுங்குவாள், துப்ப மாட்டாள். "விதைச்சவங்க பாத்துக்கிட்டு நிக்கறப்ப துப்பறதாவது!" என்பாள். பிறகு சாக்பீஸை எடுத்துக் கூடையில் வட்டம் போட்டால் சரக்கு உள்ளே. பெருக்கல் குறி போட்டால் லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

இனிப்பா, முற்றலா என்பதையெல்லாம் எந்த நாக்கும் சொல்லிவிடும். அவள் நாக்குக்கு இவ்வளவு மரியாதை வந்தது வேறொரு காரணத்தால். மருந்து வைத்துப் பழுக்கவைத்த பழத்தை அது கண்டுபிடித்துவிடும். கீற்று உள்ளே போன அரை நிமிடத்தில் நாக்கு நுனியில் ஒரு அரிப்பு எடுக்கும். அப்புறம் உதட்டின் உட்புறம், மேலண்ணம், காதுக்குள்ளேகூட ஒரு நமைச்சல். "மருந்து" என்பாள். முடிந்தது கதை. மருந்துப் பழம் நாக்கை அரிக்கும் என்பது கிடங்கில் எல்லோரும் சொல்கிற சங்கதி. மற்றவர்களுக்கு ஏன் அரிக்கவில்லை என்றால், அவர்களுடையது தடித்த நாக்கு, அவளுடையது நுட்பமான நாக்கு. இப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள், அவளும் நம்பினாள். பதினெட்டு வருடம், அத்தனை பேர், ஒருத்தருக்காவது ஒரு சின்னச் சந்தேகம் வந்திருக்கக் கூடாதா? இப்போது நினைத்தாலும் கோபம்தான் வருகிறது.

அந்த நாக்கிடம் வசமாக மாட்டிக்கொண்டவர் ஆற்றோரத்து விவசாயி ஒருவர். அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்த ஆள். பள்ளத்து நிலம், ஈரம் லேசில் காயாது. அதனால் மற்றவர்கள் எல்லோரும் அறுத்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் அவர் கொடியில் பழம் மஞ்சளாகும். சந்தையில் பழம் அருகிப்போன கடைசி மாதத்தில் அவர் லாரி மட்டும் வரும். நியாயமாகப் பார்த்தால் மாலை போட்டு வரவேற்க வேண்டிய லாரி. ஆனால் அவர் முலாம்பழத்துக்கு மாறிய மூன்று வருடத்தில் மூன்று தடவையும் நாக்கு அக்கா "மருந்து" என்று பெருக்கல் குறி போட்டுவிட்டாள்.

முதல் வருடம் அவர் சிரித்தார். இரண்டாம் வருடம் சத்தியம் செய்தார். மூன்றாம் வருடம் கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து முழங்காலில் மோதி உடைத்து, அத்தனை பேர் முன்னாலும் தோல் தெரிகிற வரைக்கும் கடித்துத் தின்றார். "பாத்தீங்களா? எனக்கு என்ன ஆச்சு?" என்றார், தாடையில் சாறு வழிய. மூட்டை இறக்குகிறவர்களில் நையாண்டிக்குப் பேர்போன ஒருவன், "உங்களுக்கு எப்படி ஆகும்? நீங்கதான் மருந்துக்காரராச்சே, பழகியிருக்கும்!" என்றான். கிடங்கே கொல்லென்று சிரித்தது. அன்றிலிருந்து அவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்த வருடம் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். "அக்கா, இன்னொரு தடவை நீங்க மருந்துன்னு சொன்னீங்கன்னா, அந்த ஆளு லாரி இந்த கேட்டைத் தாண்டாது. இந்த வருஷம் மட்டுமில்ல, எப்பவுமே." நாக்கு அக்கா தலையை ஆட்டினாள். அந்த லாரி வருவதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அவள் தொண்டைக்கு ஒரு கதை உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கணவன் கப்பலில் வேலை. வருடத்தில் இரண்டு மாதம்தான் வீடு. மீதி நாளெல்லாம் வீட்டில் அவளும் நாத்தனாரும்தான். நாத்தனார் முன்னறையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடப் பைகள் தைக்கிறவள். அவள் வாய் மிஷினைவிட வேகமாக ஓடும். "அண்ணி, நீங்க ஒரு தட்டு முடிக்கறதுக்குள்ள எனக்கு அடுத்த வேளைப் பசியே வந்துடுது" என்பாள். அண்ணி சிரித்து மழுப்பிவிடுவாள். விஷயம் சிரிப்பில்லை. விழுங்குகிற கவளம் நெஞ்சுக்கு நடுவில், கதவில் சேலை மாட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும். மேலேயும் வராது, கீழேயும் போகாது. தண்ணீர் குடித்து, தோளைத் தூக்கி இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்போதோ நழுவி இறங்கும். பன்னிரண்டு வருடமாக இந்தக் கூத்து.

அவளும் சும்மா இருக்கவில்லை. ரொட்டியைச் சூப்பில் ஊறவைத்தாள், கறியைப் பல்லுக்கு வேலையில்லாத அளவுக்குப் பொடியாக நறுக்கினாள், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் என்று வைத்துக்கொண்டாள். அப்புறம் "நீ சாப்பிடு, எனக்கு நேரமாகும்" என்று தள்ளிப்போட ஆரம்பித்தாள். கிடங்கில் மற்றவர்கள் மரநிழலில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது அவள் காலிக்கூடை அடுக்கியிருக்கிற அறையில் தனியாக உட்கார்ந்தாள். கல்யாணம், விருந்து என்றால் தலைவலி என்று சொல்லிவிடுவாள். "பெரிய மனுஷி, நம்மகூட உக்காந்து தின்னா குறைஞ்சு போயிடுவா" என்று ஜாடை பேசினார்கள். அது காதில் விழுந்த அன்று அந்தக் கூடை அறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

டாக்டரிடம் போவதற்கு என்ன கேடு என்று கேட்கலாம். இரண்டு பயம். ஒன்று, புற்று என்று சொல்லிவிடுவார்களோ என்பது. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று: ஒழுங்காக விழுங்க முடியாதவளுக்கு ருசி பார்க்கிற வேலை எதற்கு என்று கிடங்கில் கேட்டுவிட்டால்?

பழக் காலத்தின் கடைசி மாதம் வந்தால் தொண்டை இன்னும் மோசமாகும். கிடங்கின் பின்புறம் பெரிய தரிசு. பெயர் வைக்கக்கூட யாரும் மெனக்கெடாத ஒரு களை அங்கே இடுப்பளவு வளர்ந்து, சரியாக அந்த மாதத்தில் பூக்கும். ஜன்னல் விளிம்பில் விரலை வைத்தால் மஞ்சள் பொடி ஒட்டும். கண் எரியும், மூக்கு ஒழுகும். தூசு என்று முந்தானையால் துடைத்துக்கொள்வாள். தொண்டை அடைப்புக்கு மட்டும் இந்த மூன்று வருடமாக அவள் மனதுக்குள் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அந்த ஆற்றோரத்து மனுஷன் பழத்தில் வைக்கிற மருந்துதான் உள்ளே போய் ரணமாக்குகிறது! தொண்டை அடைக்கும்போதெல்லாம் அவரை மனதாரத் திட்டுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாத்தனார் பிடிவாதம் பிடித்தாள். "இன்னிக்கு ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பிடறோம். சுவத்தைப் பாத்துக்கிட்டே தின்னு தின்னு எனக்கு அலுத்துப்போச்சு அண்ணி." பாவமாக இருந்தது. உட்கார்ந்தாள். பேச்சு சுவாரசியத்தில் ஒரு கோழித் துண்டைக் கொஞ்சம் அவசரமாக விழுங்கிவிட்டாள்.

நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தாள், தண்ணீரும் திரும்பி வந்தது. எச்சில்கூட இறங்கவில்லை, கிண்ணத்தில் துப்பிக்கொண்டே இருந்தாள். நாத்தனார் முதுகைத் தட்டினாள், கத்தினாள், அப்புறம் அழுதாள். ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குழாய் விட்டுத் துண்டை எடுத்தார்கள். எடுத்த கையோடு உணவுக்குழாயின் சுவரில் மணி மணியாகச் சதை கிள்ளிப் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். "எவ்வளவு நாளா இது?" என்று கேட்ட நாத்தனாரிடம் பன்னிரண்டு வருடம் என்று விரலைக் காட்டினாள். நாத்தனார் வாயடைத்து நின்றது வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. டாக்டரம்மா சின்ன வயது, சிரித்த முகம். "பயப்படாதீங்க, புத்து இல்ல" என்று முதலில் அதைச் சொல்லிவிட்டார். நல்ல டாக்டர். பிறகு திரையில் படத்தைக் காட்டினார். குழாயின் உட்சுவர் வழவழப்பாக இல்லாமல் வளையம் வளையமாக வீங்கியிருந்தது. "இது உணவுக்குழாய் அழற்சியில ஒரு வகை. ஈசினோஃபில்னு ஒரு வெள்ளணு. ஒவ்வாமை வந்தா ஓடி வர்ற ஆளு. அது உங்க குழாய்ச் சுவர்ல கூட்டமா குடியேறியிருக்கு. அதான் வீங்கி, இறுகி, சாப்பாடு மாட்டுது."

அப்புறம் கேள்வி மேல் கேள்வி. தும்மல் உண்டா, கண் அரிக்குமா, எந்த மாதம்?

"ஏதாவது பழமோ காயோ பச்சையா சாப்பிட்டா வாய் அரிக்குமா?"

நாக்கு அக்காவுக்கு முகத்தில் ஒரு பெருமை வந்துவிட்டது. "முலாம்பழம் அரிக்கும் டாக்டர். ஆனா மருந்து வச்ச பழம்னா மட்டும்தான். என் வேலையே அதைக் கண்டுபிடிக்கறதுதான்!"

டாக்டரம்மா பேனாவை மேஜைமேல் வைத்தார். "மருந்து வச்ச பழம் எந்த மாசத்துல வரும்?"

"கடைசி மாசத்துல."

"உங்களுக்குத் தும்மல் எந்த மாசம்னு சொன்னீங்க?"

நாத்தனார் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். "சில களைச்செடியோட மகரந்தத்துல இருக்கற புரதமும், முலாம்பழத்துல இருக்கற புரதமும் பாக்க ஒரே ஜாடை. மகரந்தத்து மேல கோபமா இருக்கற உடம்பு, பழத்தைப் பாத்ததும் அவன்தான் இவன்னு நினைச்சுப் பாஞ்சுடுது. வாய் அரிக்கறது அதனாலதான். பூ பூக்கற மாசத்துல அந்தக் கோபம் அதிகம். பழத்துல ஒண்ணும் இருக்கணும்னு இல்ல."

"அப்ப தொண்டை?"

"இந்த ரெண்டும் ஒரே ஆளுக்கு இருக்கறதை அடிக்கடி பாக்கறோம். ஒண்ணுதான் இன்னொண்ணைக் கொண்டுவருதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. மகரந்த மாசத்துல தொண்டை மோசமாகறவங்க இருக்காங்க. பாலோ கோதுமையோ காரணமா இருக்கறவங்களும் இருக்காங்க. ஒவ்வொண்ணா பாக்கலாம். இப்போதைக்கு முலாம்பழமே வேண்டாம். ஒரு கெட்டி மருந்து தர்றேன், குழாய்ல பூசிக்கிட்டே இறங்கும். குடிச்சு அரை மணி நேரம் தண்ணிகூட தொடாதீங்க."

இருவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பன்னிரண்டு வருடத்து நோய்க்குப் பெயர் கிடைத்தது, புற்றும் இல்லை, சந்தோஷப்பட வேண்டியவள். அவள் கண்ணுக்குள் முழங்காலில் பழத்தை உடைத்த அந்த மனுஷன்தான் நின்றுகொண்டிருந்தார்.

சரி, டாக்டர் சொல்லிவிட்டால் ஆயிற்றா? பதினெட்டு வருடத்து நாக்கு அவ்வளவு லேசில் தோல்வியை ஒப்புக்கொள்ளுமா? மறுநாள் காலை, ஆட்கள் வருவதற்கு முன் அவள் குளிர் அறைக்குள் போனாள். மூன்று வாரத்துக்கு முன், தரிசில் ஒரு பூகூட எட்டிப் பார்க்காத நாளில் வந்த சரக்கில் கடைசி நான்கு கூடை அங்கே இருந்தது. அவளே தின்று பார்த்து, "தேன்" என்று சொல்லி, தன் கையால் வட்டம் போட்ட கூடைகள். அதிலிருந்து ஒரு பழத்தை எடுத்தாள். டாக்டர் வேண்டாம் என்றது நினைவிருந்தது. விரல் நகம் அளவுக்கு ஒரு துணுக்கு வெட்டி நாக்கில் வைத்தாள்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. அரித்தது. நாக்கு நுனி, உதடு, மேலண்ணம், காது. அதே அரிப்பு, அதே வரிசை.

துணுக்கைத் துப்பிவிட்டு வாயைக் கழுவினாள். பதினெட்டு வருடத்தில் அவள் துப்பிய முதல் பழம் அது. வட்டம் போட்ட கூடையின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருடம். அதற்கு முன்னும் கடைசி மாதத்தில் வந்த ஒன்றிரண்டு லாரி. எல்லாம் நல்ல பழம், ஒரு பாவமும் அறியாத பழம்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க அண்ணி" என்றாள் நாத்தனார் அன்று மாலை. "இந்தத் தடவை பேசாம வட்டம் போட்டு விட்டுடுங்க. அவருக்கும் நல்லது, உங்க பேரும் கெடாது. யாருக்குத் தெரியப்போகுது?"

யோசித்துப் பார்த்தால் நாத்தனார் சொன்னதிலும் தப்பில்லை. இரண்டு நாள் அதையே செய்துவிடலாம் என்றுதான் அவளும் இருந்தாள். மூன்றாம் நாள் சொன்னாள்: "வட்டம் போட்டா இந்த வருஷம் அவரு மருந்து வைக்கலன்னுதான் ஆகும். மத்த மூணு வருஷம் வச்சவரு வச்சவருதானே?"

நாத்தனார் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

லாரி வந்தது. ஆற்றோரத்து விவசாயி முன் சீட்டிலிருந்து இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் பின்பலகையைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார். வேடிக்கை பார்க்கக் கிடங்கே கூடிவிட்டது. மேனேஜரும் வந்துவிட்டார். நையாண்டிக்காரன் முன்வரிசையில் நின்றான்.

நாக்கு அக்கா மேலிருந்து ஒரு பழம் எடுத்தாள். நடுவில் ஒன்று. தோள் வரைக்கும் கையை விட்டு அடியில் ஒன்று. அழுத்தினாள், முகர்ந்தாள், கீற்றுப் போட்டாள். கீற்றை நையாண்டிக்காரனிடம் நீட்டினாள்.

"நீ தின்னு."

"நானா?"

"தின்னுடா. அரிக்குதா சொல்லு."

அவன் தின்றான். சுற்றுமுற்றும் பார்த்தான். "இல்லக்கா. சக்கரையா இருக்கு."

"எனக்கு அரிக்கும்" என்றாள் அவள். "எனக்கு ஒவ்வாமை. பின்னாடி பூத்திருக்கே அந்தக் களை, அது பூத்தா எனக்கு எந்த முலாம்பழமும் அரிக்கும். உள்ள குளிர் ரூம்ல நான் தேன்னு சொன்ன பழம் இருக்கு, அதுவும் இப்ப அரிக்குது. இவரு பழத்துல மருந்து இல்ல. இந்த வருஷமும் இல்ல, போன மூணு வருஷமும் இருந்ததில்ல. கோளாறு என் உடம்புல. இவரை மருந்துக்காரர் ஆக்கினது நான்தான்."

மேனேஜர் முன்னால் வந்தார். "அக்கா, என்ன சொல்றீங்க? உங்க நாக்கை நம்பி நாம திருப்பி அனுப்பின லாரியெல்லாம்..."

"கடைசி மாசத்துல அனுப்பினதெல்லாம் தப்புதான் சார். வேலையை விட்டு நிறுத்தினாலும் சரி. விரலும் மூக்கும் நல்லாத்தான் இருக்கு, நாக்குதான் ஆகாது."

"அதை அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு மேனேஜர், கூடைகளை இறக்கச் சொன்னார். நையாண்டிக்காரன் முதல் கூடையைத் தூக்கினான்.

விவசாயி அசையாமல் நின்றிருந்தார். அவள் அருகே போனாள். கைகூப்பக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"மூணு வருஷம்" என்றார் அவர்.

"ஆமாங்க. மூணு வருஷம்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவர் வேறொன்று கேட்டார். "இங்க சொல்லிட்டீங்க, சரி. எங்க வீட்டுக்கு வந்து சொல்வீங்களா?"

அவளுக்குப் புரியவில்லை.

"என் பேத்திக்கு நாலு வயசு. என் நிலத்துப் பழம் ஒரு துண்டு அவ வாயில போனதில்ல. மருமக விட மாட்டா. நாக்கு அக்காவே சொல்லிட்டாங்களாம், அவங்க நாக்கு பொய் சொல்லாதாம். நான் என்ன பதில் சொல்றது? எல்லாரும் சாப்பிட்டப்புறம்தான் நான் உக்காருவேன். மருமக முகத்தைப் பாத்துக்கிட்டு சோறு இறங்க மாட்டேங்குது."

மறுநாளே போனாள். துணைக்கு நாத்தனாரும் வந்தாள். ஆற்றோரம் ஓட்டு வீடு, வாசலில் கழுவிக் கவிழ்த்த கூடைகள். மருமகள் கதவருகே கைகட்டி நின்று, கிடங்கில் சொன்னதையெல்லாம் மறுபடி ஒரு தடவை கேட்டாள். முகம் இளகவேயில்லை. "இப்ப சொல்றது மட்டும் சரியான்னு எப்படி நம்பறது?" என்றாள். கேட்க வேண்டிய கேள்விதானே?

நாக்கு அக்கா பையிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்து நீட்டினாள். மருமகள் அதை நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். பிறகு உள்ளே போனாள். கத்தி பலகையில் படுகிற சத்தம் கேட்டது. தட்டில் ஐந்தாறு கீற்றுகளோடு வந்தாள். முதல் கீற்றைத் தானே தின்றாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். இரண்டாவதைக் குழந்தை கையில் கொடுத்தாள்.

குழந்தை கீற்றையும் பார்த்தது, அம்மாவையும் பார்த்தது. "இது தாத்தா பழமாச்சே. திங்கலாமா?"

"தின்னு" என்றாள் மருமகள். திரும்பி மாமனாரைப் பார்த்தாள். "மாமா..." என்று ஆரம்பித்தாள். அழுதுவிட்டாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

குழந்தை முழங்கை வரை சாறு வழியத் தின்றுகொண்டே நாக்கு அக்காவைக் கேட்டது. "உங்களுக்கு வேணாமா?"

"எனக்கு ஆகாதுடா கண்ணு. பழம் நல்ல பழம். உடம்புதான் ஆகாத உடம்பு."

சாப்பிடாமல் போகக் கூடாது என்று மருமகள் வழிமறித்தாள். குழைய வடித்த சோறும் சூப்பும் வந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். நாக்கு அக்காவுக்கு வழக்கமான வார்த்தை தானாக வாயில் வந்துவிட்டது. "நீங்கல்லாம் சாப்பிடுங்க, எனக்கு நேரமாகும்."

"எவ்வளவு நேரமாகும்?" என்றார் விவசாயி.

"நாப்பது நிமிஷம் ஆகும்ங்க. ஒரு வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணி."

"ஆகட்டுமே" என்றார் அவர், தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு. "மூணு வருஷம் தனியா தின்னவன் நான். எனக்கென்ன அவசரம்?"

நாற்பது நிமிடம் இல்லை, ஐம்பது ஆனது. குழந்தை தூங்கிப்போனது, நாத்தனார் ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்துவிட்டாள். அவள் கடைசி வாயை விழுங்கும் வரைக்கும், அவர் காய்ந்த கையோடு எதிரே உட்கார்ந்திருந்தார்.